வெள்ளம் வடிந்த பின்: வீடு மீட்புப் பணிக்கான படிப்பும் சான்றிதழும்

மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். ஆனால் வெள்ளம் வீட்டுக்குள் வந்து வடிந்துவிட்டால், நனைந்த வீட்டை எந்த முறையில் மீட்பது, அந்த வேலையை யார் பொறுப்பேற்று நடத்துவது என்பது பற்றி அதிகம் பேசுவதில்லை. பெரும்பாலும் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம். அவர் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துக் கொடுக்கிறார். வேலை முடிந்ததாக நினைக்கிறோம்.

மேலை நாடுகளில் இது ஒரு தனித் தொழில். நீர், தீ, புகை ஆகியவற்றால் சேதமடைந்த கட்டடத்தை மீட்கும் பணியை முதல் நாளிலிருந்து சாவியை ஒப்படைக்கும் நாள்வரை நடத்துபவருக்குத் 'திட்ட மேலாளர்' என்று பெயர். அவருக்கென்று பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் உண்டு. நம் நாட்டில் இத்தொழில் இன்னும் முழு உருவம் பெறவில்லை. ஆனால் தேவை வந்துவிட்டது. டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ படித்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல வழியாகலாம். இந்த வேலையின் ஒழுங்கு என்ன, அதற்கு எதைப் படிக்க வேண்டும், எந்தச் சான்றிதழ் எதற்குப் பயன்படும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தேவை எங்கிருந்து வந்தது?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் நடந்ததை நாம் அறிவோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகளில் முதல் மாடிவரை நீர் ஏறியது. நம் உறவினர்களில் பலர் அதில் வீட்டுப் பொருள்களை இழந்தார்கள்.

பெங்களூர் மேட்டு நிலம், இங்கே வெள்ளம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2021 நவம்பரில் எலகங்கா ஏரி நிரம்பி வழிந்ததில் கேந்திரிய விகார் அடுக்கு வீடுகளில் இருந்தவர்கள் படகில் வெளியேற நேர்ந்தது. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு முதல் மறுநாள் காலைவரை நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. சர்ஜாபூர் சாலை, பெள்ளந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகள் மூழ்கின. ரெயின்போ டிரைவ் லேஅவுட் போன்ற குடியிருப்புகளிலிருந்து மக்கள் டிராக்டரிலும் படகிலும் வெளியேறினார்கள்.

அப்போது நான் நேரில் கண்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், சேமநிதிப் பணத்தைப் போட்டு சர்ஜாபூர் சாலைப் பக்கம் தரைத்தளத்துடன் கூடிய வீடு வாங்கியிருந்தார். உள்ளே மூன்றடி நீர் நின்று வடிந்தது. தீபாவளிக்குள் குடிபுக வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்தார். ஏழு வாரத்துக்குள் பட்டியும் பெயிண்டும் முடிந்து வீடு பளபளவென்று ஆகிவிட்டது. பொங்கலுக்கு முன்பே இடுப்பளவு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்தது. வார்ட்ரோபின் பின்பலகையில் பூசணம் பிடித்தது. பேரக்குழந்தைக்கு இழைப்பு வந்தது. எல்லாவற்றையும் உரித்து மறுபடியும் செய்தார்கள். நனைந்த சாமான்களைப் படம் எடுக்காமலே வெளியே வீசிவிட்டதால், அவற்றுக்கான இன்சூரன்ஸ் தொகையிலும் ஒரு பகுதி கிடைக்கவில்லை.

அந்தக் காண்ட்ராக்டர் மோசக்காரர் அல்லர். அவருடைய ஆட்களும் நல்ல வேலைக்காரர்கள். சுவர் காய்ந்துவிட்டதா என்பதை அளந்து பார்க்கவும், அளந்ததை எழுதிவைக்கவும் அங்கே ஒருவர் இல்லை. அந்த ஒருவரை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பின் நோக்கம்.

வேலையின் ஒழுங்கு

மீட்புப் பணியை ஏழு படிகளாகப் பிரிக்கலாம். படிகளின் வரிசை மாறக் கூடாது.

1. பாதுகாப்பு. மின்சாரத்தை மெயினில் துண்டிக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. மெயின் சுவிட்சே நீருக்குள் இருந்தால் மின்வாரிய ஆட்களைத்தான் அழைக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை மூட வேண்டும். சுவரில் புது வெடிப்பு, தரையில் பள்ளம், சாய்ந்த மதில் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். தரையைத் தட்டிப் பார்த்துப் பொள்ளல் ஓசை கேட்டால் அடியில் மண் அரித்துப் போயிருக்கலாம்.

2. பதிவு. எதையும் அசைக்குமுன் அறை அறையாகப் படம் எடுக்க வேண்டும். நீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடிட்டு, தேதி எழுத வேண்டும். கெட்டுப்போன பொருள்களைப் பட்டியலிட வேண்டும்.

3. நீரை வெளியேற்றுதல். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் நிற்கும் நீரை ஒரே மூச்சில் இறைக்கக் கூடாது. வெளியே மண் நீரில் ஊறியிருக்கும்போது உள்ளே வெறுமையாக்கினால், மண்ணின் அழுத்தம் தாங்காமல் சுவர் உள்ளே சாயலாம், தரை மேலெழும்பலாம். ஓர் அடி இறைத்து, மட்டத்தைக் குறித்து, ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். நீர் மறுபடி ஏறியிருந்தால் இறைப்பதற்கு இன்னும் காலம் ஆகவில்லை என்று பொருள்.

4. துப்புரவு. வந்த நீர் எத்தகையது என்பதைப் பொறுத்து வேலை மாறும். குடிநீர்க் குழாய் உடைந்த நீர் முதல் வகை. துணி துவைக்கும் இயந்திரத்து நீர் போன்ற ஓரளவு அசுத்தமானது இரண்டாம் வகை. சாக்கடை கலந்த நீரும் வெள்ள நீரும் மூன்றாம் வகை. மூன்றாம் வகை நீரில் ஊறிய மெத்தை, தலையணை, மரத்தூள் பலகை முதலியவற்றை மீட்க முயலக் கூடாது. தரையடிச் சம்பை முழுவதும் இறைத்துத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவியபிறகே மறுபடி நிரப்ப வேண்டும். வேலையாட்களுக்குக் கையுறை, காலணி, முகமூடி கட்டாயம்.

5. உலர்த்தல். இதைத் தனியாகப் பார்ப்போம்.

6. சோதனை. மின்கம்பிகளை உரிமம் பெற்றவரைக் கொண்டு மெகர் வைத்துச் சோதித்தபிறகே மின்இணைப்பு கொடுக்க வேண்டும். தூண், உத்தரங்களில் ஐயம் இருந்தால் சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றைச் செய்விக்கலாம். இவற்றுக்கு இந்தியத் தரநிலை 516-இன் ஐந்தாம் பாகத்தில் முறைகள் சொல்லப்பட்டுள்ளன. முடிவைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

7. சீரமைப்பும் ஒப்படைப்பும். பூச்சு, தச்சு, வண்ணம் எல்லாம் இங்கேதான் வருகின்றன. நம் வழக்கத்தில் இதையே முதல் படியாக வைத்துக்கொள்கிறோம்.

ரயில்வேயில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டால், கல்லையும் மண்ணையும் நிரப்பியவுடன் வண்டியை விடுவதில்லை. பொறுப்புள்ள அலுவலர் பார்த்துத் தகுதி எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வண்டி ஊர்ந்து போகும். பிறகு பார்த்துப் பார்த்து வேகத்தைப் படிப்படியாக உயர்த்துவார்கள். வீட்டுக்கும் அதே நியாயம்தான்.

ஈரத்தை அளப்பது எப்படி?

உலர்த்தலுக்கு மூன்று வேண்டும்: நனைந்த பரப்பின்மேல் காற்றோட்டம், காற்றிலுள்ள ஈரத்தை அகற்றும் வழி, அளவான வெப்பம். மின்விசிறி காற்றை ஓட்டும், ஆனால் ஈரத்தை அகற்றாது. வெளிக்காற்று உள்காற்றைவிட ஈரமாக இருக்கும் மழைநாளில் சன்னலைத் திறந்துவைத்தாலும் பயனில்லை. அப்போது அறையை மூடி, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபையர் இயந்திரத்தை வைக்க வேண்டும். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூசணம் தொடங்கிவிடலாம் என்பதால் இதில் தாமதம் கூடாது.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஈரமானி என்ற சிறு கருவி உண்டு. அதன் இரு முட்களை மரத்தில் குத்தினால் ஈரத்தின் அளவு விழுக்காட்டில் தெரியும். செங்கல் சுவரில் அது காட்டும் எண் உண்மையான விழுக்காடு அன்று. ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். ஆகையால் அதே வீட்டில் நனையாத மாடியறையில், அதே வகைப் பொருளில் முதலில் அளந்து, அதைக் குறியளவாக வைத்துக்கொள்வது முறை.

கற்பனையாக ஒரு பதிவேட்டைப் பார்ப்போம். மாடிக் கதவு நிலையில் அளவு 12. ஆகவே கீழே 14-க்குள் வந்தால் போதும் என்று குறியளவு வைக்கிறோம். கீழ்த்தளக் கதவு நிலையில் முதல் நாள் 28, நான்காம் நாள் 22, எட்டாம் நாள் 17, பன்னிரண்டாம் நாள் 14. வேலை முடிந்தது. நான்காம் நாள் 22, எட்டாம் நாளும் 22 என்று இருந்தால்? இயந்திரத்தை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவது விடையன்று. நீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. குழாய்க் கசிவா, அடிமண்ணிலிருந்து ஏறும் ஈரமா, மூடாத சன்னலா என்று தேட வேண்டும்.

மரத்தைவிடச் செங்கல் சுவர் மிக மெதுவாகக் காயும். பல வாரங்கள் ஆகலாம், தடித்த சுவரானால் மாதங்களும் ஆகலாம். அதற்குள் பட்டியும் எண்ணெய்ப் பெயிண்டும் அடித்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும். 'எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?' என்று வீட்டுக்காரர் கேட்டால் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொல்வதே மேலாளரின் வேலை. பண்டிகையைச் சொல்லி அவசரப்படுத்தினாலும் அவர் அந்தப் பதிலை மாற்றக் கூடாது.

காப்பீடு தெரிந்திருக்க வேண்டும்

பாதிப் பணம் கணக்கில் போகிறது. ஆதலால் மேலாளருக்கு இன்சூரன்ஸ் பாலிசியைப் படிக்கத் தெரிய வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டு பாலிசி அறிமுகமானது. வெள்ளச் சேதம் இதில் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் 20 விழுக்காடு, அதிக அளவாக 10 லட்சம் ரூபாய்வரை, வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு உண்டு. பொறியாளர் முதலியோரின் கட்டணத்துக்குக் கிளெய்ம் தொகையில் 5 விழுக்காடு வரையும், இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு 2 விழுக்காடு வரையும் கேட்கலாம்.

கிளெய்ம் தொகை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் கட்டணம் 30,000 ரூபாய்வரை, இடிபாடு அகற்ற 12,000 ரூபாய்வரை கேட்க இடமுண்டு. இரண்டுக்கும் ரசீது வேண்டும். பலர் இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். இழப்பை மதிப்பிடுபவர் சர்வேயர். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும். மீட்பு வேலையை நடத்துபவர் மேலாளர். ஒரே வேலையில் இரண்டு பொறுப்பையும் ஒருவரே ஏற்கக் கூடாது. ஆனால் சர்வேயர் எதைக் கேட்பார் என்று மேலாளருக்குத் தெரிந்திருந்தால் வீட்டுக்காரருக்குப் பாதிக் கவலை குறையும். இந்த அறிவுக்கு மும்பையிலுள்ள இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் தேர்வுகள் உதவும். அதில் முதல் படி லைசென்ஷியேட்.

வெளிநாட்டுச் சான்றிதழ்கள்

அமெரிக்காவில் மீட்புத் தொழிலினரின் சங்கம் ஒன்று 1946-இலேயே தோன்றியது. இன்று அதற்கு ஆர்.ஐ.ஏ. என்று பெயர். 1972-இல் தொடங்கிய ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற நிறுவனம் பயிற்சியும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் வழங்குகிறது. நீர்ச் சேத மீட்புக்கு அது வெளியிட்ட எஸ்-500 என்ற தரநிலை 1994-இல் முதன்முதல் வந்தது. மேலே சொன்ன மூன்று நீர் வகைகள் அதில் உள்ளவையே.

அதன் தொடக்கப் பாடம் நீர்ச் சேத மீட்பு. அதில் தேறியபிறகே கட்டட உலர்த்தல் பாடத்துக்கும் பூசணம் அகற்றும் பாடத்துக்கும் போகலாம். சான்றிதழ் பெற்றவர் தொடர்ந்து படித்து அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் இத்தொழிலுக்குப் போகிறவர்களிடம் இதைக் கேட்பார்கள். இந்தியாவில் சட்டப்படி இது கட்டாயமில்லை. கட்டணமும் கூடுதல். ஆகவே இதை முதலில் அன்று, கடைசியில் வைத்துக்கொள்வதே நம் குடும்பங்களுக்கு ஏற்றது.

இங்கேயே படிக்கும் வழி

நம் நாட்டில் ஒரே சான்றிதழில் இத்தொழில் முழுவதும் அடங்கிவிடாது. படிப்படியாகச் சேர்க்க வேண்டும்.

முதற்படி: பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு சிவில் டிப்ளமோ, அல்லது ஐ.டி.ஐ.யில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்ற ஒரு பிரிவு. டிப்ளமோ முடித்தவர்களுக்கு 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது.

இரண்டாம் படி: பழுது பார்க்கும் அறிவு. கான்கிரீட் கட்டடங்களின் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் பற்றி ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் நடத்திய பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் இருக்கிறது. கேட்டுப் படிக்கக் கட்டணமில்லை. தரமணியிலுள்ள மத்தியக் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகிறது. சிதைக்காமல் சோதிக்கும் முறைகளில் அதற்கான இந்தியச் சங்கம் நிலை வாரியாகச் சான்றிதழ் தருகிறது. மத்தியப் பொதுப்பணித் துறை 2002-இல் வெளியிட்ட கான்கிரீட் கட்டடப் பழுதுபார்ப்புக் கையேட்டை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும்.

மூன்றாம் படி: வேலையை நடத்தும் அறிவு. எஸ்டிமேட், கால அட்டவணை, ஒப்பந்தம், ஆள்கணக்கு ஆகியவை. 1983-இல் தொடங்கிய நிக்மார் இத்துறைக்கென்றே உள்ள நிறுவனம். இதனுடன் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிச் சான்றிதழும் பெற்றுக்கொள்வது நல்லது.

மேஸ்திரிகளை மறந்துவிடக் கூடாது. இந்நகரத்தின் எத்தனையோ கட்டடங்களை எழுப்பியவர்கள் வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த நம் மக்கள். முப்பது ஆண்டு அனுபவம் இருக்கும், கையில் ஒரு தாள் இருக்காது. முன்பே கற்ற திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை ஒன்று பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கட்டுமானத் துறைக்கென்று ஒரு திறன் வளர்ச்சிக் குழுமமும் உண்டு. மகனோ மகளோ டிப்ளமோ படிக்கட்டும். தகப்பனாரும் தம் திறமைக்குச் சான்று பெறட்டும். இருவரும் சேர்ந்தால் ஒரு சிறு மீட்பு நிறுவனத்தையே தொடங்கலாம்.

தொழிலுக்குத் தொழில் தனிப் பயிற்சி, பிறகு சோதனை என்ற ஒழுங்கைக் காண நாம் தொலைவு போக வேண்டியதில்லை. 1780-இல் தோன்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் நம் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. 'தம்பி' என்று செல்லப் பெயர் பெற்ற அந்த வீரர்களுக்குப் போர்ப் பயிற்சியோடு ஒரு கைத்தொழிலும் கற்றுத் தரப்படுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்நகரில் ஒரு மேலாளர் வீட்டுக்காரரிடம் கன்னடத்தில் விளக்க வேண்டும், சர்வேயருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும், வேலையாட்களிடம் தமிழிலும் இந்தியிலும் பேச வேண்டும். அல்சூர்த் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு இது புதிதன்று.

சான்றிதழை எடைபோடுங்கள்

விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். சான்றிதழை வழங்குவது யார், பயிற்சி தருபவரா, வேறொரு பொது அமைப்பா? நேரடிச் செய்முறை உண்டா? தேர்வு உண்டா, கட்டணம் கட்டினாலே சான்றிதழா? சான்றிதழ் எண்ணை வைத்து உண்மையா என்று மற்றவர் சரிபார்க்க முடியுமா? புதுப்பிக்க வேண்டுமா, அதற்கு எவ்வளவு ஆகும்? இவற்றுக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். வேலை நிச்சயம் என்று சொல்லும் இடத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை.

பயிற்சி வினாக்கள்

1. கீழ்த்தளத்தில் ஐந்தடி நீர் நிற்கிறது. வெளியே மண் இன்னும் ஈரம். எப்படி இறைப்பீர்கள்? ஏன்?

2. மாடியில் கதவு நிலை 11 காட்டுகிறது. கீழே பத்தாம் நாள் 19, பன்னிரண்டாம் நாளும் 19. அடுத்து என்ன செய்வீர்கள்?

3. கிளெய்ம் தொகை 4 லட்சம். பொறியாளர் கட்டணமும் இடிபாடு அகற்றும் செலவும் சேர்த்து அதிக அளவாக எவ்வளவு கேட்கலாம்? (விடை: 28,000 ரூபாய்.)

4. சாக்கடை கலந்த நீரில் நனைந்த மெத்தையை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

5. உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி இல்லையென்றால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கடைசி வினாவை மாணவர்கள் மட்டுமன்றி எல்லா வாசகர்களும் செய்து பார்க்கலாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு ஈரமானியும், அதைப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரும் இருந்தால் பல குடும்பங்களின் பணமும் உடல்நலமும் காப்பாற்றப்படும். அந்த இளைஞர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும் என்பதே என் விருப்பம்.